பின்வரிசையில் வந்து உட்கார்ந்தவர்கள்

தை பிறந்தால் கொல்லிமலையில் மிளகு பறிப்பு தொடங்கிவிடும். பங்குனி வரை நீளும். சில்வர் ஓக் மரங்களிலும் பலா மரங்களிலும் கொடி உச்சி வரைக்கும் ஏறியிருக்கும். கணுக்களை மிதிபடியாக விட்டு வெட்டிய ஒற்றை மூங்கில்தான் ஏணி. இடுப்பில் துணிப்பையைக் கட்டிக்கொண்டு, பெருவிரலைக் கணுவில் ஊன்றி அதில் ஏறுகிறவர்களைப் பார்த்தால் மலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு வயிறு கலங்கும். பறிக்கிறவர்களுக்கு அது அன்றாடம். காலைப் பனியில் மூங்கில் வழுக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். யாராவது எப்போதாவது விழத்தான் செய்வார்கள் என்பதும் தெரியும்.

நான் சொல்லப்போவது அப்படி விழுந்த ஒருவரைப் பற்றி. அவரைத் தூக்கியவர்களுக்கு நான் சொல்லித்தராமல் விட்டதைப் பற்றி.

மலையில் நான் ஆசிரியராக இருந்தேன். தன்னார்வ முதலுதவி அமைப்பு ஒன்றில் பயிற்சி பெற்று, பிறகு அதிலேயே பயிற்றுநராகவும் ஆனேன். பள்ளி நேரம் போக மீதி நேரமெல்லாம் அதற்குத்தான். ஆடி 17, 18 தேதிகளில் வல்வில் ஓரி விழாவுக்குக் கூட்டம் ஏறும்போது செம்மேட்டில் நிற்போம். அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு வருகிறவர்கள் ஆகாய கங்கை அருவிக்கு இறங்குவார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்கும்போது சிரிப்பும் பாட்டுமாகப் போகிறவர்கள் ஏறும்போது பாதியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். பாசி படிந்த பாறையில் வழுக்கித் தலையில் அடிபட்டவர்கள், செருப்பு அறுந்து கணுக்கால் பிசகியவர்கள் என்று ஒவ்வொரு விடுமுறைக்கும் வேலை இருந்துகொண்டே இருக்கும். அந்த வேலையை நான் மனதார நேசித்தேன். இன்றும் நேசிக்கிறேன்.

காரவள்ளியிலிருந்து சோளக்காட்டுக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. செம்மேட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆனால் தலையிலோ முதுகிலோ பலத்த அடி என்றால் நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ இறங்கியாக வேண்டும். தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008 செப்டம்பரில் வந்தது. அது வந்த பிறகு மலையில் எத்தனையோ பிரசவங்கள் பத்திரமாக நடந்திருக்கின்றன. இருட்டிலும் மழையிலும் அந்த வளைவுகளில் வண்டி ஓட்டுகிற ஓட்டுநர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனாலும் வண்டி வருவது தார்ச்சாலை முடியும் இடம் வரைக்கும்தான். அதற்கப்பால் காபிச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை, ஓடை, மறுபடி ஒரு ஏற்றம். பள்ளத்தில் போன் டவர் எடுக்காது. அடிபட்டவருக்கு முதல் அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ அண்டை அயலார்தான் கதி. இதை நான் முகாமுக்கு முகாம் சொல்லியிருக்கிறேன். சொன்னதை நானே கேட்டுக்கொள்ளவில்லை என்பதுதான் விஷயம்.

அந்த முகாம் ஒரு சனிக்கிழமை. பள்ளி அறையொன்றில் நாற்பது பேருக்கு ஏற்பாடு. கல்லூரிப் பிள்ளைகள், வேன் ஓட்டுநர்கள், கடைக்காரர்கள், மகளிர் குழுத் தலைவிகள் என்று நானே பார்த்துப் பார்த்துச் சேர்த்த பட்டியல். பதிவேட்டில் பெயர், வயது, கல்வித் தகுதி, கையொப்பம் என்று கட்டங்கள். கடைசியில் சின்னதாக ஓர் எழுத்துத் தேர்வு, பிறகு சான்றிதழ். மாலையில் சிறப்பு விருந்தினர் வருவதாக இருந்தது. சுவரில் படம் காட்டும் புரொஜெக்டரைக் கடன் வாங்கி வைத்திருந்தேன்.

காலை வகுப்பை வரலாற்றிலிருந்து தொடங்குவது என் வழக்கம். 1859 ஜூனில் இத்தாலியின் சோல்ஃபெரினோ போர்க்களத்தில் பல்லாயிரம் வீரர்கள் கவனிப்பாரற்றுக் கிடந்ததை ஹென்றி துனான் என்ற வியாபாரி பார்த்த கதையைச் சொல்வேன். பக்கத்து ஊரான காஸ்டிலியோனின் பெண்கள் இந்த நாட்டான் அந்த நாட்டான் என்று பார்க்காமல் எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்துக் காயம் கழுவியதையும், அதை அவர் எழுதியதிலிருந்து செஞ்சிலுவைச் சங்கம் பிறந்ததையும் சொல்வேன். அடுத்தது நம் கதை. 1899இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் போயர் போர் மூண்டபோது காந்தி இந்தியர்களைத் திரட்டி ஒரு ஆம்புலன்ஸ் படை அமைத்தார். சுமார் 1,100 பேர். அவர்களில் பெரும்பாலோர் கரும்புத் தோட்டங்களில் உழைத்த ஒப்பந்தக் கூலிகள். நேட்டாலுக்குப் போன கூலிகளில் தமிழர்கள் ஏராளம். அவர்கள் ஸ்ட்ரெச்சரைத் தோளில் சுமந்து ஒரே நாளில் இருபது, இருபத்தைந்து மைல்கூட நடந்தார்கள். ஸ்பியோன் கோப் மலையில் அடிபட்ட ஆங்கிலேயத் தளபதி வுட்கேட்டையும் சுமந்து வந்தார்கள். கைநாட்டு வைத்துக் கப்பலேறியவர்கள் செய்த வேலை இது என்று சொல்லும்போது என் குரல் எப்போதும் உயரும்.

அன்றும் உயர்ந்திருந்தது. அந்த நேரத்தில்தான் ஏழெட்டுப் பெண்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். பின்வரிசை பெஞ்சு காலியாக இருந்தது. ஓசைப்படாமல் உட்கார்ந்துகொண்டார்கள். பள்ளத்து ஊரொன்றிலிருந்து வந்தவர்கள். மிளகும் காபியும் பறிக்கக் கூலிக்குப் போகிறவர்கள் என்று விரல்களில் ஏறியிருந்த கறையே சொன்னது. ஒருவர் மடியில் கைக்குழந்தை. பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அடிபட்டால் என்ன செய்வது என்று சார் சொல்லித்தருகிறார் என்று அன்றைய கூலியை விட்டுவிட்டு நடந்து வந்திருந்தார்கள்.

தேநீர் இடைவேளையில் அவர்களிடம் போனேன். “எழுதப் படிக்கத் தெரியுமாம்மா?” என்று கேட்டேன். இரண்டு பேர் கையெழுத்து மட்டும் போடுவார்கள் என்றார்கள். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பரீட்சை இருக்கிறது, பட்டியல் முன்பே போய்விட்டது, இடமும் பத்தாது என்று விளக்கினேன். எல்லாமே உண்மைதான். அவர்களில் முன்னால் நின்றவருக்கு நாற்பது வயது இருக்கலாம். “நாங்க ஓரமா நின்னு பார்த்துக்கறோம் சார். சாப்பாடு எல்லாம் வேணாம்” என்றார்.

சாப்பாட்டுப் பொட்டலத்துக்காகத்தான் நான் தயங்குகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். அந்த இடத்திலாவது நான் வெட்கப்பட்டிருக்கலாம். எனக்கு அப்போது இருந்ததெல்லாம் மாலை விருந்தினர் வரும்போது அறை ஒழுங்காக இருக்க வேண்டும், நாற்பது பேரும் தேர்ச்சி பெற வேண்டும் என்ற கவலைதான். “உங்களுக்குன்னு தனியா ஒரு நாள் வைக்கிறேம்மா. உங்க ஊருக்கே வர்றேன்” என்றேன். சொல்லும்போது மனதாரத்தான் சொன்னேன். அவர்கள் தலையாட்டிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள்.

பிற்பகலில் சட்டப் பாடம். விபத்தில் அடிபட்டவருக்கு உதவுகிறவரைப் போலீஸோ மருத்துவமனையோ தொந்தரவு செய்யக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016இல் உறுதிப்படுத்தியது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் 134ஏ பிரிவே அதற்காகச் சேர்க்கப்பட்டது. திரையில் காட்டி நெடுநேரம் விளக்கினேன். அதன்பின் முதுகெலும்பு அடி. விழுந்தவரை மரக்கட்டையை உருட்டுவதுபோல் நான்கு பேர் சேர்ந்து ஒரே வீச்சில் திருப்பிப் பலகையில் ஏற்றும் முறையைக் கல்லூரிப் பையன் ஒருவனைப் படுக்கவைத்துக் காட்டினேன். படம் எடுத்தார்கள். முகாம் நன்றாக நடந்ததாக எல்லோரும் சொன்னார்கள்.

நான் சொன்ன அந்தத் தனி நாள் வரவில்லை. ஆடி விழா வந்தது, பிறகு மழை வந்தது, அரையாண்டுத் தேர்வு வந்தது. அந்த ஊருக்குப் போகும் பாதை சேறாக இருக்கும் என்று ஒருமுறை தள்ளிவைத்தேன். அதன்பின் தள்ளிவைக்கக்கூட இல்லை. மறந்துவிட்டேன்.

மாசியில் ஒருநாள் மாலை, அந்தப் பள்ளத்து ஊரில் ஓர் ஆள் மிளகு மரத்திலிருந்து விழுந்துவிட்டதாகவும் சேலத்துக்குக் கொண்டுபோய்விட்டதாகவும் வகுப்பில் ஒரு பையன் மூலம் தெரியவந்தது. அடுத்த விடுமுறையில் போய்ப் பார்த்தேன். பயிற்றுநர் என்ற முறையில் போனேன் என்றுதான் சொல்ல வேண்டும். எப்படி நடந்தது, யார் தூக்கினார்கள், எவ்வளவு நேரமானது என்று குறித்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு. அடுத்த முகாமில் உதாரணம் சொல்ல உதவும்.

வார்டுக்கு வெளியே பெஞ்சில் அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தார். மடியில் எக்ஸ்ரே படம் வைத்த பெரிய காகித உறை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். “சார், நீங்களா” என்றார். எங்கோ பார்த்த முகம் என்று தோன்றியது. பிள்ளைகளின் அம்மா யாராவது இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

“எப்படிம்மா தூக்கினீங்க?” என்று கேட்டேன்.

அவர் சொன்னார். “விழுந்த சத்தம் கேட்டு ஓடினோம் சார். முழிச்சுட்டுத்தான் கிடந்தாரு. இடுப்புல வலிக்குதுன்னாரு. காலை மடக்கினாரு. வலது காலை மடக்கி எந்திரிக்கப் பார்த்தாரு சார். நான்தான் அசையாதேன்னேன். கையும் காலும் நல்லாத்தான் இருக்கு, பொழச்சுக்கிட்டாருன்னு எல்லாருக்கும் நிம்மதி. போர்வையை மூங்கில்ல கட்டி டோலியில போட்டுத் தூக்கிட்டோம். ஓடை தாண்டி ஏறணும்ல. குலுங்கக் கூடாதுன்னு மெதுவாத்தான் வந்தாங்க. பாதி வழியில, என் காலு எங்க இருக்குன்னு கேட்டாரு.”

நான் குறிப்பேட்டை எடுக்கவில்லை.

டோலியில் உடம்பு எப்படிக் கிடக்கும் என்பதை மலையில் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தலையும் காலும் மேலே, இடுப்பு கீழே தொங்கும். முதுகு வில்லாக வளையும். ஒவ்வோர் அடிக்கும் அந்த வளைவு கூடிக் குறையும். காய்ச்சல்காரரையும் கர்ப்பிணியையும் காலங்காலமாக அப்படித்தான் கரை சேர்த்திருக்கிறார்கள். தங்களுக்குத் தெரிந்ததில் ஆகச் சிறந்ததைத்தான் அன்று அவருக்கும் செய்தார்கள். முதுகெலும்பு முறிந்து, உள்ளே தண்டுவடம் இன்னும் அறுபடாமல் இருக்கிற ஒருவருக்கு மட்டும் அது ஆகாது. அவரைத் தட்டையான, வளையாத ஒன்றின் மேல் கிடத்த வேண்டும். இந்த ஒரு வாக்கியம்தான் அவர்களிடம் இல்லாதது.

“நாங்க எப்படி சார் தூக்கியிருக்கணும்?”

அவர் குற்றம் சாட்டும் குரலில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார். கழுத்தைக் கொஞ்சம் சாய்த்து, கண்ணை என் வாயில் வைத்துக்கொண்டு கேட்டார். அந்தச் சாய்ப்பில்தான் எனக்கு ஞாபகம் வந்தது. பின்வரிசை. செருப்பைக் கழற்றிவிட்டு வந்தவர்கள். சாப்பாடு எல்லாம் வேணாம் என்று சொன்ன குரல் இதே குரல்.

இப்போது வேண்டாம்மா, மனசு சரியில்லாத நேரம் என்று தட்டிக்கழிக்கப் பார்த்தேன். அவர் விடவில்லை. “சொல்லுங்க சார். நாளைக்கு இன்னொருத்தர் விழுவாங்கல்ல.”

சொன்னேன். முதலில் அசைக்காதீர்கள், ஆபத்தான இடமாக இல்லாவிட்டால் கிடக்கிறவர் அப்படியே கிடக்கட்டும். ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு இரண்டு கையாலும் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். கை கால் விரல்களை அசைக்கச் சொல்லிப் பாருங்கள், மரத்துப்போயிருக்கிறதா என்று கேளுங்கள். அசைந்தாலும் முதுகு நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால் தோளில் ஒருவர், இடுப்பில் ஒருவர், காலில் ஒருவர். தலையைப் பிடித்தவர் எண்ணுவார். அவர் மூன்று சொல்லும்போது எல்லோரும் ஒன்றாக உருட்ட வேண்டும். அடியில் பலகையை நுழைத்து மறுபடி ஒன்றாக இறக்க வேண்டும். பலகை இல்லையென்றால் கட்டில். கட்டில் தொய்வாக இருந்தால் கதவு.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “எங்க வீட்டுக் கதவு அங்கதான் சார் இருந்துச்சு” என்றார். இன்னும் கொஞ்சம் கழித்து, “கதவைக் கழட்ட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

நான் சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. எழுத்து தேவைப்படவில்லை. திரை தேவைப்படவில்லை. முகாமைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. வெளியே வந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழி தெரியாமல் எதிர்த்திசையில் வெகுதூரம் நடந்துவிட்டேன்.

மருத்துவரிடம் பிறகு கேட்டேன். விழுந்த வேகத்தில் எவ்வளவு சேதம், தூக்கியதில் எவ்வளவு சேதம் என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார். தண்டுவடம் வீங்கி, சில மணி நேரம் கழித்துத் தானாகவே செயலிழப்பதும் உண்டாம். பலகையில் கொண்டுவந்திருந்தாலும் இதே நிலை வந்திருக்கலாம், வராமலும் போயிருக்கலாம். என்னைத் தேற்றுவதற்காக அவர் சொல்லவில்லை, உண்மையைத்தான் சொன்னார். அந்த ‘வராமலும்’ என்ற சொல்லோடு நான் இருக்க வேண்டியிருக்கிறது.

விழுந்தவர் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இழந்தார். அடுத்து வந்த மாதங்களில் அந்தக் குடும்பம் கற்றுக்கொண்டதை எந்த முதலுதவிப் புத்தகமும் சொல்வதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்கவைக்காவிட்டால் புண் வரும். அந்தப் புண் எலும்பு வரை போகும். சிறுநீர்க் குழாயைச் சுத்தமாக வைக்காவிட்டால் காய்ச்சல் வரும். பிறகு வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு மையத்துக்குப் போக ஏற்பாடானது. அந்த மையத்தை 1966இல் தொடங்கியவர் மருத்துவர் மேரி வர்கீஸ். 1954இல் நடந்த கார் விபத்தில் அவருக்கும் இதே தண்டுவட அடிதான். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். இதை நான் சொன்னபோது, படுத்திருந்தவர் முதல்முறையாகத் திரும்பி என்னைப் பார்த்து, “அந்தம்மா எப்படி சார் நாற்காலியில ஏறுவாங்க?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அங்கே போய் அவரே ஏறக் கற்றுக்கொண்டார்.

அந்த நாட்களில் பழைய புத்தகங்களைத் திரும்பப் படித்தேன். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கம் இங்கிலாந்தில் 1877இல் தொடங்கியது என்பதைத் தேதியாக மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். எதற்காகத் தொடங்கினார்கள் என்பதை அப்போதுதான் நிதானமாக வாசித்தேன். நிலக்கரிச் சுரங்கமும் ரயிலும் தொழிற்சாலையும் பெருகி, வேலை செய்யும் இடத்திலேயே ஆட்கள் நசுங்கிச் செத்துக்கொண்டிருந்த காலம். மருத்துவர் வருவதற்குள் பக்கத்தில் நிற்கிற தொழிலாளி என்ன செய்ய முடியும் என்பதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. பீட்டர் ஷெப்பர்டு என்ற ராணுவ மருத்துவர் 1878இல் வுல்விச்சில் பொதுமக்களுக்கு வகுப்பு எடுத்தார். அடுத்த ஜனவரியில் இசாண்டில்வானா போரில் இறந்துபோனார். அவர் தொடங்கிவைத்த வகுப்பு சுரங்கத் தொழிலாளிகளையும் ரயில்வே ஊழியர்களையும் தேடிப் போனது. எங்கே அடிபடுகிறதோ அங்கே. நேட்டாலில் காந்தி திரட்டிய படைக்கும் டாக்டர் பூத் என்பவர்தான் நோயாளியைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி கொடுத்தார். அந்தப் படையில் சேர வந்தவர்களிடம் கல்வித் தகுதி கேட்டிருந்தால் ஸ்ட்ரெச்சரைத் தூக்க ஆளிருந்திருக்காது. கைநாட்டு வைத்தவர்களைப் பற்றி நான் குரலை உயர்த்திப் பேசிக்கொண்டிருந்த அதே அறையில், எழுதப் படிக்கத் தெரியாது என்று நான் திருப்பி அனுப்பிய பெண்கள் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகுதான் அந்த ஊருக்குப் போனேன். பலா மரத்தடியில் தார்ப்பாயை விரித்தோம். புரொஜெக்டர் இல்லை, பதிவேடு இல்லை. வரலாறு சொல்லலாமா என்று பார்த்தேன். குழந்தைகள் அழ ஆரம்பித்தன. நேரே வேலைக்குப் போய்விட்டேன். முக்கோணக் கட்டுத்துணிக்குப் பதில் தோளில் கிடந்த துண்டு. அதைக் குறுக்காக மடித்துக் கையைத் தொங்கவிட ஒரு பாட்டி என்னைவிட வேகமாகக் கற்றுக்கொண்டார். பிள்ளைக்குத் தூளி கட்டிப் பழகிய கைக்கு முடிச்சு சொல்லித்தர வேண்டியதில்லை.

பாம்புக்கடியில் மட்டும் பெரிய வாதம் வந்தது. கடித்த இடத்துக்கு மேலே இறுக்கிக் கட்டக்கூடாது, கீறக்கூடாது, உறிஞ்சக்கூடாது என்றேன். அப்படியானால் விஷம் ஏறாதா என்று கேட்டார்கள். இறுக்கிக் கட்டினால் ரத்தம் ஓடாமல் காலே அழுகிப்போகலாம், எலும்பு முறிந்த காலுக்குச் சிம்பு வைப்பதுபோல் அசையாமல் வைத்து, ஆளை நடக்கவிடாமல், விஷமுறிவு மருந்து இருக்கிற ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் சேர்ப்பதுதான் வழி என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் அந்த ஒரே மருந்துதான். அதனால் பாம்பை அடித்துக் கையோடு எடுத்துப் போக வேண்டிய அவசியமும் இல்லை. தமிழக அரசு 2024இல் பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. அதுவரை வெளியே தெரியாமல் போன சாவுகள் எத்தனையோ.

டோலியே கூடாது என்று நான் சொன்னதை ஒரு பெரியவர் எழுந்து மறுத்தார். “பிள்ளைத்தாச்சியக் கதவுல வெச்சு ஓடையத் தாண்டச் சொல்றீங்களா சார்?” அவர் கேட்டது நியாயம். விழுந்தவர், வண்டி இடித்தவர், முதுகிலோ கழுத்திலோ வலி சொல்கிறவர், நினைவில்லாமல் கிடக்கிறவர், இவர்களுக்கு மட்டும் பலகை. மற்றவர்களுக்கு டோலி என்று முடிவானது. முடிவு செய்தது அவர்கள். நான் ஒத்துக்கொண்டேன். கதவைக் கழற்றுவதில்கூட அவர்களுக்குச் சந்தேகம் இருந்தது. கீலில் துரு ஏறியிருந்தால் என்ன செய்வது, வீடு பூட்டியிருந்தால் என்ன செய்வது? மாரியம்மன் கோயில் சுவரோரம் ஒரு பலாப் பலகையை நிரந்தரமாக வைத்துவிடலாம் என்று விழுந்தவருடைய மனைவிதான் சொன்னார். விறகுக்கு யாரும் எடுத்துவிடாதபடி சிவப்புச் சாயம் அடிக்க வேண்டும், கயிறு கட்ட ஓரத்தில் ஓட்டை போட வேண்டும் என்றும் அவரே சொன்னார். பூட்டு கிடையாது.

உருட்டிப் பழகும்போது தலைமாட்டில் அவர்தான் மண்டியிட்டார். “ஒண்ணு, ரெண்டு” என்று எண்ணிவிட்டு மூன்று சொல்லாமல் நிறுத்தி, இடுப்பைப் பிடித்திருந்த பெண்ணைப் பார்த்து, “நீ இன்னும் கையைச் சரியா வெக்கல” என்று அதட்டினார். நான் பயிற்சி கொடுத்த எந்தக் கல்லூரிப் பிள்ளையும் அப்படி நிறுத்தியதில்லை.

அவருடைய கணவரிடம் ஒருநாள் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திண்ணையில் சக்கர நாற்காலியில் இருந்தார். மடியில் முறம். காய்ந்த மிளகிலிருந்து காம்பையும் பதரையும் பிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு வீட்டு மிளகைக் கூலிக்குச் சுத்தம் செய்து தருகிறார். அன்றைக்கு உங்கள் வீட்டுக்காரம்மா முகாமுக்கு வந்தார்கள், நான்தான் திருப்பி அனுப்பினேன் என்றேன்.

“தெரியும் சார்” என்றார். கை நிற்கவில்லை. “அன்னிக்கு ராத்திரியே சொல்லுச்சு. சாரு நமக்குன்னு தனியா ஒரு நாள் வெக்கிறேன்னாரு, நம்ம ஊருக்கே வர்றாராம்னு, சந்தோசமாத்தான் வந்துச்சு.”

நான் தலை குனிந்து நின்றேன். அவர் முறத்தை இறக்கிவைத்துவிட்டு, சாயாத் தண்ணி வைக்கச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.

இப்போது நான் இடமாற்றலாகிச் சமவெளிக்கு வந்துவிட்டேன். மாதத்தில் வாய்க்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் மலை ஏறுகிறேன். வகுப்பை நடத்துவது பெரும்பாலும் அந்த அக்காதான். பறிப்புக்குப் போகிற ஊர்களிலெல்லாம் அவருக்குச் சொந்தம் இருக்கிறது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மரத்தடியிலேயே ஆளைப் படுக்கவைத்து உருட்டக் கற்றுத்தருகிறார். நான் பாயும் துணியும் தூக்கிக்கொண்டு கூடப் போகிறேன். அவர் எதையாவது தவறவிட்டால் சொல்வேன். தவறவிடுவது குறைவு. போன வாரம் போன் செய்தார். ஓடைக்கு அந்தப்பக்கத்து ஊரில் பலகை அறுத்துவிட்டார்களாம், ஆனால் ஐந்தடிதான் இருக்கிறதாம். காலு வெளிய தொங்கும், ஆறடிக்குக் குறைஞ்சா நான் ஒத்துக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். தை பிறப்பதற்குள் செம்மேட்டு ஆசாரியிடம் நான் பேசி முடிக்க வேண்டுமாம்.